நடுவில் இருந்த பெட்டி

மைசூர் இன்ஃபோசிஸ் வளாகத்துக்குப் பயிற்சிக்கு வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் ‘மெயின்ஃப்ரேம் ஸ்ட்ரீம்’ விழுந்தவர்கள் முதல் சில நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவார்கள். ஜாவா கிடைத்தவன் தப்பித்தான், நமக்கு மட்டும் கோபோல், ஜேசிஎல் என்று தாத்தா காலத்துச் சமாச்சாரம். கருப்புத் திரையில் பச்சை எழுத்து, மவுஸுக்கு வேலையில்லை, எஃப்3 அடித்தால் வெளியே வரலாம். போகப்போக விரல்கள் பழகிவிடும். அந்த ஜன்னலுக்கு மேலே 3270 என்று ஓர் எண் இருக்கும். அது ஏதோ மென்பொருளின் பெயர் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு மேசைக் கருவிக் குடும்பத்தின் பெயர். 1971-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய அந்த டெர்மினலைப் போல நடிக்கத்தான் இன்றைய மென்பொருள் எழுதப்பட்டது. நடிப்பவரை லட்சக்கணக்கானோர் அறிவார்கள். நடிக்கப்படும் ஆளைப் பார்த்தவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு.

அந்தப் பழைய டெர்மினலையே தேடிப்பிடித்து இன்றைய கணிப்பொறியோடு இணைக்க முடியுமா என்ற கேள்வி உலகெங்கும் ஆர்வலர்களை ஆட்டிவைக்கிறது. முடியும் என்பதுதான் பதில். ஆனால் எந்த டெர்மினல் என்பதைப் பொறுத்து அது ஒரு மாலை நேர வேலையாகவும் இருக்கலாம், ஓராண்டுத் தலைவலியாகவும் ஆகலாம். கருவி எவ்வளவு பழையது என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. 1978-இன் டெர்மினல் ஒன்று அரைமணி நேரத்தில் லினக்ஸோடு பேசும். அதற்குப் பத்தாண்டு இளைய இன்னொன்று ஒரு மூலையில் கர்சரை மட்டும் காட்டிக்கொண்டு பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். அறிவு எங்கே வைக்கப்பட்டிருந்தது, டெர்மினலிலா, மையக் கணிப்பொறியிலா, இரண்டுக்கும் நடுவில் இருந்த பெட்டியிலா என்பதுதான் வேறுபாடு.

நம் நாட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சென்னை ஐஐடிக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1973-இல் ஐபிஎம் 370/155 வந்தது. அந்தக் காலத்து மாணவர்களுக்கு அதன் நினைவு பெரும்பாலும் துளையிட்ட அட்டைக் கட்டுகளின் நினைவுதான். அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பங்கு விதிகளுக்கு உடன்படாமல் 1978-இல் ஐபிஎம் இந்தியாவைவிட்டு வெளியேறியது. அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சிஎம்சிக்கு வந்தது. மேலைநாட்டு அலுவலகங்களில் 3270 டெர்மினல்கள் மேசைதோறும் குவிந்த காலம் சரியாக அதுதான். அந்த அலை நம்மைத் தொடாமலே போய்விட்டது. ஐபிஎம் 1992-இல் டாடாவோடு கூட்டாகத் திரும்பி வந்தபோது மேசைகளில் பிசி ஏறியிருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவை வேறு வகை. எச்சிஎல், விப்ரோ, டிசிஎம், ஈசிஐஎல் என்று உள்நாட்டு மினி கணிப்பொறிகள். டெக் நிறுவனத்தின் வாக்ஸ். பிறகு யூனிக்ஸ் ஓடும் பெட்டிகள். விப்ரோவின் கணிப்பொறிகளும், பிற்பாடு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்களும் மைசூரிலேயே தயாராயின. ரங்கராஜன் குழுக்களின் பரிந்துரைக்குப் பிறகு வங்கிக் கிளைகளுக்குள் கணிப்பொறி நுழைந்தபோது, மேலாளர் அறையை ஒட்டி ஒரு யூனிக்ஸ் பெட்டியும் கவுன்டர்களில் டம்ப் டெர்மினல்களும் வந்தன. ரயில்வேயில் சிஎம்சி எழுதிய இம்ப்ரெஸ் முன்பதிவு முறை 1985-86-இல் புதுடில்லியில் வாக்ஸ் கணிப்பொறிகளில் தொடங்கியது. அதன் இடத்தில் ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் உருவாக்கிய கான்சர்ட் 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் வந்தது; 1999-இல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. மைசூர் கவுன்டரில் நின்று ஹௌராவிலிருந்து கிளம்பும் வண்டிக்கு டிக்கெட் எடுக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தட்டியது டெக் விடி வகை டெர்மினலையோ அதன் நகலையோதான். ஆகவே நம் காயலான்கடைகளில் ஒரு டெர்மினல் அகப்பட்டால் அது விடி வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது நல்ல செய்தி.

ஏன் நல்ல செய்தி? விடி வகை ஓர் எழுத்தைத் தட்டியதும் அந்த எழுத்தை அப்போதே கம்பியில் அனுப்பிவிடும். வந்த எழுத்தைத் திரையில் போடும். கர்சரை நகர்த்து, வரியை அழி, எழுத்தைத் தடிமனாக்கு என்ற கட்டளைகள் எஸ்கேப் பைட்டில் தொடங்கும் சிறு சரங்களாக அதே கம்பியில் வரும். 1978-இல் வந்த விடி100 இந்தச் சரங்களை ஊரறியச் செய்தது. 1983-இன் விடி220 அவற்றை விரித்தது. இன்று லினக்ஸிலோ மேக்கிலோ திறக்கும் கருப்பு ஜன்னல் அந்த விடி100-இன் வாரிசு. அதாவது நவீன கணிப்பொறி இந்த மொழியை மறக்கவே இல்லை. நாள் முழுக்க அதைத்தான் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது. பழைய கருவி வெறுமனே உரையாடலில் வந்து சேர்ந்துகொள்கிறது.

கம்பி வேலையும் சுலபம். தேவராஜ மொஹல்லாவில் எங்கள் வீட்டு மாடியில் விடி220 இணக்கமுள்ள டெர்மினல் ஒன்று இருக்கிறது; பழைய இரும்பு வாங்குபவரிடமிருந்து வந்தது. தேவராஜ மார்க்கெட்டிலிருந்து கிருஷ்ணராஜ வட்டம்வரை பூவும் துணியும் நகையும் என்ன வேண்டுமானாலும் கிடைக்கும், இருபத்தைந்து முள் கனெக்டர் கிடைக்காது. அதற்குப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு ரயில் ஏற வேண்டும், சென்னைக்காரராக இருந்தால் ரிச்சி தெருவுக்கு. டெர்மினலும் கணிப்பொறியும் இரண்டுமே ‘நான்தான் முனை’ என்று நினைத்துக்கொள்பவை. ஆகவே அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் குறுக்காகப் போக வேண்டும். இதைக் கேட்டதும் எல்லோரும் இரண்டாம் முள்ளை மூன்றாம் முள்ளுக்கு மாற்றிப் பற்றவைத்துவிட்டுத் திரையில் ஒன்றும் வரவில்லையே என்று விழிப்பார்கள். இருபத்தைந்து முள் கனெக்டரில் அனுப்புவது 2, வாங்குவது 3. ஒன்பது முள் கனெக்டரிலோ வாங்குவது 2, அனுப்புவது 3. எண்களே ஏற்கெனவே குறுக்காகத்தான் இருக்கின்றன. எனவே 2-ஐ 2-க்கும், 3-ஐ 3-க்கும், டெர்மினலின் 7-ஐ மறுமுனையின் 5-க்கும் நேராகப் பற்றவைத்தால் போதும். சில டெர்மினல்கள் எதிரே ஆள் இருக்கிறதா என்று வேறு முட்களில் பார்க்கும். அவற்றுக்காக டெர்மினல் பக்கம் 4-5 ஒன்றாகவும், 6-8-20 ஒன்றாகவும் முடிச்சுப் போட்டுவிடலாம்.

லேப்டாப் பக்கம் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் அதன் முட்களில் நேரே செருகிவிடக் கூடாது. டெர்மினல் பேசுவது ஆர்எஸ்-232, அதாவது கூட்டல் கழித்தல் 15 வோல்ட்வரை போகும். பையின் முட்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவே மேக்ஸ்3232 சிப் ஒன்று வேண்டும், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பிறகு லினக்ஸில் அந்தப் போர்ட்டுக்குக் கெட்டி (getty) சேவையை இயக்கி, வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று இரு பக்கமும் ஒன்றுபோல வைத்தால் லாகின் கேட்கும். விண்டோஸில் இப்படிச் சீரியல் வழியாக உள்ளே நுழையும் வசதி வழக்கமாக இல்லை. அங்கே ஒரு பையை நடுவில் வைப்பதே புத்திசாலித்தனம்.

லாகின் வந்ததோடு பாதிப் பேர் புகைப்படம் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறார்கள். உண்மையான சிக்கல் தினமும் அதில் வேலை செய்யும்போதுதான் தெரியும். விடி220-க்கு ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்லத் தெரிந்த ஒரே வழி எக்ஸாஃப் என்ற ஓர் எழுத்தை அனுப்புவது. அது போய்ச் சேர்வதற்குள் மலிவான அடாப்டரின் வயிற்றில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான எழுத்துகள் ஏறியிருக்கும். அவையும் வந்து கொட்டும். நீண்ட பட்டியல் ஓடும்போது நடுவில் வரிகள் கிழிந்து காணாமல் போவது இதனால்தான். எக்ஸாஃபைத் தானே கவனிக்கும் சிப் உள்ள அடாப்டர் வாங்கினால் தீரும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த எக்ஸாஃப் என்பது கன்ட்ரோல்-எஸ் என்பதால், அதையே வேறு வேலைக்கு வைத்திருக்கும் எடிட்டர்களோடு சண்டை வரும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

தமிழை அனுப்பினால் கதை வேறு. இன்றைய கணிப்பொறி எழுத்துகளை யூடிஎஃப்-8-இல் அனுப்புகிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். விடி220-க்கு யூனிகோடு பிறப்பதற்கு முந்தைய உலகம்தான் தெரியும். அதன் கணக்கில் பதினறும எண் 80 முதல் 9எஃப் வரை உள்ள பைட்டுகள் எழுத்துகள் அல்ல, கட்டளைகள். தமிழ்க் குறியீடுகள் பலவற்றின் மூன்றாம் பைட் அந்த எல்லைக்குள் போய் விழுகிறது. ‘அ’வின் மூன்றாம் பைட் 85: அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போ என்று பொருள். மெய்யெழுத்தின் புள்ளி 8டி: ஒரு வரி மேலே ஏறு. ‘ஐ’ இன்னும் மோசம். அதன் 90 என்ற பைட்டைக் கண்டதும் நீண்ட கட்டளைச் சரம் ஒன்று தொடங்குகிறது என்று டெர்மினல் எண்ணிக்கொண்டு, பின்னால் வருவதைத் திரையில் காட்டாமல் விழுங்க ஆரம்பிக்கும். அந்தச் சரத்தை முடித்துவைக்கும் பைட் 9சி, அதுதான் ‘ஜ’வின் மூன்றாம் பைட். ‘அம்மா’ என்று அனுப்பினால் தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்து ஒன்று வரும், கர்சர் கீழே குதிக்கும், இன்னும் சில குப்பை எழுத்துகள், புள்ளி வந்ததும் கர்சர் மேலே ஏறிவிடும். புள்ளிகள் நிறைந்த நல்ல தமிழ் வாக்கியம் ஒன்று திரையில் படிக்கட்டு ஏறி இறங்குவதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இதற்கு விடி220-க்குள்ளேயே ஒரு கதவு உண்டு. வெளியிலிருந்து 94 எழுத்து வடிவங்களை அதற்குள் ஏற்றலாம். தமிழுக்கு இது போதுமா என்று கணக்குப் போட்டுப்பார்த்தேன். ‘ஔ’வை ஒ, ள என்று இரண்டாக எழுதிக்கொண்டால் உயிரும் ஆய்தமும் சேர்ந்து 12. அகர உயிர்மெய் 18, புள்ளி வைத்த மெய் 18, உகர வரிசை 18, ஊகார வரிசை 18. டி, டீ இரண்டும் தனி வடிவம். மிச்சம் கால், கொம்பு, கொக்கி முதலான துணைக்குறிகள் 6. ஆக 92. கிரந்தத்தை வெளியே நிறுத்தினால் தமிழ் முழுவதும் 94-க்குள் அடங்கி இரண்டு இடம் மிச்சமும் இருக்கிறது! தேவநாகரியோ கன்னடமோ இந்தச் சலுகையைக் கனவிலும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் எண்ணிக்கையில் கிடைத்த இடம் அகலத்தில் கிடைப்பதில்லை. ஓர் எழுத்துக்குத் தரப்படுவது 7-க்கு 10 புள்ளிக் கட்டம். ‘ட’வும் ‘ப’வும் அதில் சுகமாக உட்காரும். ‘ணூ’வை அதற்குள் திணிப்பவருக்கு நல்ல பொறுமை வேண்டும். அகல எழுத்துகளுக்கு இரண்டு கட்டம் கொடுத்தால் 94 தாண்டிவிடும்.

இதை நம் நாட்டில் முறையாகத் தீர்த்தவர்கள் ஐஐடி கான்பூரில் தொடங்கிப் பிறகு சி-டாக்குக்குப் போன ஜிஸ்ட் குழுவினர். ஜிஸ்ட் டெர்மினல் வெளியே விடி வகை போலவே நடந்துகொள்ளும். இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரையும் வேலையைத் தன்னுள்ளேயே செய்துகொள்ளும். கம்பியில் ஓடியது இஸ்கி என்ற எட்டு பிட் குறியீடு, 1991-இல் ஐஎஸ் 13194 என்ற தரமானது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகளுக்கெல்லாம் இஸ்கியில் பொதுவான எண்கள். எந்த எழுத்தில் காட்டுவது என்பது தனித் தேர்வு. கன்னடத்தில் உள்ள ஒரு பெயரை எழுத்து மாற்றிக் கேட்டால் தமிழில் காட்டும். மைசூர் போன்ற ஊரில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி நான்கும் ஒரே வரிசையில் நிற்கும் கவுன்டருக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நினைத்துப்பார்க்க முடியவில்லை. அந்த டெர்மினல் ஒன்று இன்று அகப்பட்டால் இணைப்பது கடினமில்லை என்பதுதான் சுவையான விஷயம். பரவலாகப் பயன்படும் ஐசியு நிரல் நூலகத்தில் யூனிகோடிலிருந்து இஸ்கிக்கு மாற்றும் வசதி இன்னமும் இருக்கிறது. கெட்டிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சின்ன மாற்றி நிரல் போதும். கிடைக்காமல் போய்க்கொண்டிருப்பது டெர்மினல்தான்.

இனி மைசூர்ப் பிள்ளைகள் ஜன்னலில் பார்க்கும் அந்த 3270-க்கு வருவோம். இங்கேதான் நடுவில் இருந்த பெட்டி நுழைகிறது.

ஐபிஎம்மின் யோசனை வேறு. ஒவ்வொரு எழுத்துக்கும் மெயின்ஃப்ரேமைத் தொந்தரவு செய்வது வீண் செலவு. ஆயிரக்கணக்கான மேசைகளிலிருந்து எழுத்துக்கு ஒரு தட்டு என்று வந்தால் எந்தக் கணிப்பொறியும் தாங்காது. ஆகவே திரையையே ஒரு படிவமாக அனுப்பு. குமாஸ்தா அதை நிரப்பட்டும். என்டர் தட்டும்போது நிரப்பியதை மட்டும் மொத்தமாக வாங்கிக்கொள். 24 வரி, 80 எழுத்து, ஆக 1920 இடங்கள்தான் வழக்கமான திரை. இன்றைக்கு வலைத்தளத்தில் படிவம் நிரப்பிச் சமர்ப்பிக்கிறோமே, அதே ஏற்பாடு, பல பத்தாண்டுகள் முன்னால். அந்த மெயின்ஃப்ரேம்கள் சளைக்காமல் ஓடியதற்கு இந்தத் திட்டம் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இந்தத் திட்டத்தில் டெர்மினலுக்கும் மெயின்ஃப்ரேமுக்கும் நடுவே கன்ட்ரோலர் ஒன்று உட்கார்ந்திருந்தது. 3274, பிறகு 1986-இல் வந்த 3174. ஒரு கன்ட்ரோலரின் கீழ் 32 டெர்மினல்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கோஆக்ஸ் கம்பி, அதில் நொடிக்கு 23 லட்சம் பிட்டுக்கு மேல். அந்தக் காலத்துக்கு இது அசுர வேகம். 9600-இல் ஊர்ந்துகொண்டிருந்த விடி எங்கே, இது எங்கே. வேகம் எதற்கு என்றால், 1977-இன் 3278 போன்ற சாதாரண டெர்மினல்கள் தாமாக ஒன்றுமே செய்வதில்லை. ஏதாவது விசை அழுத்தினாயா, அழுத்தினாயா என்று கன்ட்ரோலர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அழுத்தியிருந்தால் டெர்மினல் சொல்வது விசையின் எண்ணை மட்டும். அது எந்த எழுத்து, இந்த இடத்தில் எழுத அனுமதி உண்டா, கர்சர் எங்கே போக வேண்டும் என்பதையெல்லாம் கன்ட்ரோலர் முடிவுசெய்து, அந்த எழுத்தைத் திரையின் நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும். விரல் அசைந்ததற்கும் எழுத்து தெரிந்ததற்கும் இடையில் இவ்வளவும் நடந்துவிடும். தட்டுபவருக்கு அது தன் மேசையிலேயே நடப்பதுபோல இருக்கும்.

கன்ட்ரோலரை எடுத்துவிட்டால் டெர்மினலில் மிஞ்சுவது ஒரு கண்ணும் பல விசைகளும்தான். அலுவலகங்கள் காலியானபோது நடந்தது அதுதான். டெர்மினலை யாராவது அழகுக்காக வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். பீரோ அளவு கன்ட்ரோலர் பழைய இரும்புக்குப் போனது. அதை உயிர்ப்பிக்கும் நிரல் இருந்த ஃப்ளாப்பி, 3274-க்கு எட்டு அங்குலம், 3174-க்கு ஐந்தேகால் அங்குலம், குப்பைத்தொட்டிக்குப் போனது. 3270-ஐ இணைப்பது பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்த இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்பதைச் சுற்றியே நடக்கிறது.

இரண்டு கட்சிகள் இருக்கின்றன. முதல் கட்சி 3174-ஐத் தேடிப்பிடிக்கும். அதன் பிற்கால வகைகளில் டோக்கன் ரிங் அல்லது ஈதர்நெட் அட்டையும் அதற்கேற்ற நிரலும் இருந்தால் கன்ட்ரோலரே டெல்நெட் பேசும். நடுவில் எந்த மாயமும் இல்லாமல் உள்ளூர் வலையில் ஓடும் மெயின்ஃப்ரேம் எமுலேட்டரோடு நேரே சேர்ந்துவிடும். அசல் கருவி, அசல் நடத்தை, அசல் ஓசை. இதைத் தூய்மைவாதிகளின் வழி என்பேன். நம் ஊரில் இதற்கு எதிராக இரண்டு காரணங்கள்: இங்கே 3174 கிடைப்பதில்லை; வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கருவியின் விலையைவிடக் கப்பல் கட்டணம் எகிறும்.

இரண்டாவது கட்சி கன்ட்ரோலரையே மென்பொருளாக எழுதிவிட்டது. ஓஇசி என்ற திறந்த மூலத் திட்டம் இதில் முதன்மையானது. கோஆக்ஸ் கம்பியில் ஓடும் மின்துடிப்புகளை எழுத்தாக மாற்ற அந்தக் காலத்தில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் டிபி8340, டிபி8341 என்ற சிப்கள் இருந்தன. ஆரம்பச் சோதனைகள் அந்தப் பழைய சிப்பையே தேடிப்பிடித்து ஆர்டுயினோ பலகையில் ஏற்றின. பிறகு அந்த வேலையைச் சின்ன எஃப்பிஜிஏ ஒன்று எடுத்துக்கொண்டது. பலகை யுஎஸ்பி வழியாகக் கணிப்பொறியோடு சேரும். அங்கே பைத்தானில் எழுதிய நிரல் ‘விசை அழுத்தினாயா’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். டெர்மினலுக்கு எதிரில் இருப்பது இரும்புப் பெட்டியா பைத்தானா என்று தெரியாது. மெயின்ஃப்ரேமோடு பேச வேண்டுமானால் டிஎன்3270 நெறி. லினக்ஸோடு பேச வேண்டுமானால் அதே நிரல் விடி100 போல நடிக்கும். எழுத்துக்கு ஒரு தட்டு என்ற வழக்கத்தையே வெறுத்துப் பிறந்த கருவியில் லினக்ஸ் ஓடுவது கொஞ்சம் முறைகேடான சுகம்தான்.

என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. அசல் கன்ட்ரோலரில் கெட்டுப்போகும் ஒவ்வொரு சிப்பும் ஈடில்லாத சிப். பைத்தான் நிரலைப் படித்தால் கன்ட்ரோலர் என்ன செய்தது என்பது வரிவரியாகப் புரிகிறது. பெட்டியைப் பார்த்தால் புரிவதில்லை. ஆனால் இந்த வழி எல்லா 3270-க்கும் செல்லாது. முதல் தலைமுறை 3277 கம்பியில் பேசுவதே வேறு விதம். சற்று அறிவு கூடிய டெர்மினல் வகைகள் தமக்கான நிரலைக் கன்ட்ரோலரிடமிருந்து இறக்கிக்கொள்பவை. அவையும் எளிதில் மசிவதில்லை. வாங்குமுன் பின்புறத் தகட்டில் மாடல் எண்ணைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

கம்பி விஷயத்தில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். ஐபிஎம் கேட்டது 93 ஓம் ஆர்ஜி-62. அதில் ஒன்றரைக் கிலோமீட்டர்வரை போகலாம். இங்கே தெருவுக்குத் தெரு கிடைப்பது கேபிள் டிவிக்கார அண்ணன் வைத்திருக்கும் 75 ஓம் கம்பி. ஒரே அறைக்குள் சில மீட்டர் தூரத்துக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணிப்பொறிக்கான 5250 டெர்மினல்கள் 3270-க்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. இரட்டைக் கம்பி ட்வின்ஆக்ஸ், ஒரே கம்பியில் ஏழு கருவிகள்வரை வரிசையாகத் தொங்கும். ஐபிஎம் திரும்பி வந்தபின் நம் ஆலைகளிலும் வங்கிகளிலும் ஏஎஸ்/400 ஓரளவு பரவியதால், 3270-ஐவிட இவை இங்கே அகப்பட வாய்ப்பு அதிகம். சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகையைக் கொண்டு இவற்றையும் லினக்ஸோடு பேச வைத்திருக்கிறார்கள்.

இணைத்தபின் எதோடு பேசுவது? வீட்டில் யாரும் மெயின்ஃப்ரேம் வைத்திருப்பதில்லை. 1999-இலிருந்து ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டர் சாதாரண பிசியில் 370 வகைக் கணிப்பொறியை ஓட்டுகிறது. 3270 என்ற எண்ணுள்ள போர்ட்டிலேயே டெர்மினல்களுக்காகக் காத்திருக்கிறது. அதில் சட்டச் சிக்கல் இல்லாமல் ஓட்டக்கூடியது எம்விஎஸ் 3.8ஜே, ஐபிஎம் பதிப்புரிமைக் கட்டு இல்லாமல் வெளியிட்ட கடைசித் தலைமுறை. இன்றைய இசட்/ஓஎஸ்ஸை ஹெர்குலிஸில் ஏற்றிக்கொள்ள உரிமம் கிடையாது. பயிற்சி வகுப்பில் ஜேசிஎல்லோடு மல்லுக்கட்டியவர்களுக்கு எம்விஎஸ் சொந்த ஊர் மாதிரிதான் இருக்கும்.

கருவியின் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மானிட்டர் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட். அணைத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய டிவி ரிப்பேர் பார்த்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்த கருவி 110 வோல்ட்டுக்கானதாக இருந்தால் நேரே செருகியதும் புகை. குழாய்க்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் உள்ள பசை காலப்போக்கில் பூத்து, திரையில் கண்புரைபோல வெள்ளைத் திட்டுகள் படரும். கடற்கரை ஊர்களின் ஈரம் இதற்கு உதவி செய்யும், மைசூர்க் காற்று கொஞ்சம் இரக்கமானது. இவையெல்லாம் இயற்கை. மனிதர்கள் செய்யும் கேடு வேறு. 3278-இன் விசைப்பலகையில் விசைக்கு அடியில் உள்ள விசேஷ ஸ்பிரிங் அமைப்பின் சத்தத்துக்கும் தொடுகைக்கும் மயங்கிய விசைப்பலகைப் பிரியர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் தரும் விலைக்காக வியாபாரிகள் விசைப்பலகையைக் கழற்றி விற்றுவிட்டு உடம்பைக் குப்பையில் போடுகிறார்கள். விசைப்பலகை இல்லாத 3278 எதற்கும் ஆகாது, இன்றைய விசைப்பலகை எதுவும் அதில் நேரே பொருந்தாது. டெர்மினல் சேகரிப்பவர்களின் தீராத மனக்குறை இது, நியாயமானதும்கூட.

இந்தியாவில் பாதுகாக்க வேண்டியது எது என்று கேட்டால், என் பட்டியலில் 3270 முதலில் வராது. அது நம் மேசைகளில் வாழவில்லை. அதைக் காப்பாற்ற மேலைநாட்டில் போதிய ஆட்கள் இருக்கிறார்கள். நம்முடையவை முன்பதிவுக் கவுன்டரின் விடி வகையும், ஜிஸ்ட் டெர்மினலும், வங்கிக் கவுன்டரின் உள்நாட்டுத் தயாரிப்புகளும். இவற்றின் கையேடுகளை யாரும் முறையாக ஸ்கேன் செய்து சேர்த்ததாகத் தெரியவில்லை. இவற்றுக்காக ஓஇசி போல எதையும் புதிதாக எழுதத் தேவையும் இல்லை.

தேவராஜ மொஹல்லாவிலிருந்து அதிக தூரமில்லை, ரயில் நிலையத்தை ஒட்டி 1979 முதல் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. நீராவி எஞ்சின்களும் மகாராணியின் சலூன் பெட்டியும் அங்கே பெருமையோடு நிற்கின்றன. விடிய விடிய வரிசையில் நின்று பெர்த் பிடித்த தலைமுறையின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட டெர்மினலுக்கும் அங்கே ஒரு மேசை தகும், அதுவும் உயிரோடு. உள்ளே மறைத்துவைக்க ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு மேக்ஸ்3232 சிப், மூன்று கம்பிகள். ரயில்வேயின் அசல் நிரல் பொதுவில் கிடைக்காது. வண்டி எண், தேதி, வகுப்பு, பெயர், வயது கேட்கும் அந்தத் திரையை ஒரு கல்லூரி மாணவர் புதிதாகவே எழுதிவிடலாம். விடி220-இன் பின்புறம் பிரின்டருக்கென்று தனித் துளை உண்டு. எஸ்கேப், சதுர அடைப்பு, 5, சிறிய ஐ என்ற சரம் வந்தால் அடுத்து வருவதைத் திரைக்குத் தராமல் அந்தத் துளை வழியே பிரின்டருக்குத் தள்ளிவிடும், 4 வந்தால் நிறுத்திக்கொள்ளும். வங்கிகளில் பாஸ்புக் அச்சானது இப்படித்தான். அந்தத் துளையில் மைசூரிலேயே செய்த டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் ஒன்றைச் செருகினால், 16022 காவேரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஒரு மாதிரி டிக்கெட்டைப் பார்வையாளர் தன் பெயரிலேயே கிழித்துக்கொண்டு போகலாம்.